இரண்டாம் மாடி, புடவைப் பிரிவு

என் தங்கை ஜீவிதாவிடம் யாராவது புடவை எடுக்கப் போவதாகச் சொன்னால், அவள் முதலில் விலையைக் கேட்க மாட்டாள். யார் கட்டப் போகிறார்கள், கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா, ஓடியாடி வேலை செய்வார்களா, வீட்டில் துவைப்பார்களா, சலவைக் கடைக்குப் போடுவார்களா என்று வரிசையாகக் கேட்பாள். பதில் வருவதற்குள் இரண்டு நிறம் சொல்லிவிடுவாள். இப்போது அவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறாள். அங்கே வருகிறவர்களுக்கு அவளிடம் நிறம் கேட்க எதுவுமில்லை.

பெண் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் ஒரு மலர் போடுகிறார்கள். ஜீவிதாவைப் பற்றி எழுத என்னைத்தான் கேட்டார்கள். நான் அவளைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

2012 ஜூன் 11, திங்கட்கிழமை, ஜீவிதா வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மேற்குத் தாம்பரத்தில் நான்கு மாடித் துணிக்கடை. கடையின் பெயர் வேண்டாம், அங்கே நம் பெண்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். அவளை இரண்டாம் மாடியில் காட்டன் புடவைப் பிரிவில் போட்டார்கள். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டிலிருந்து காலை எட்டே முக்காலுக்குக் கிளம்புவாள்.

ஆறு மாதத்தில் அவளைத் தேடிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சேலையூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தாராம். எல்லாப் புடவையையும் தள்ளிவிட்டுக் கடைசியில், "சாக்பீஸ் தூசி தெரியாத மாதிரி ஏதாவது இருக்காம்மா?" என்று தயங்கிக் கேட்டாராம். ஜீவிதா உள்ளே போய் வெளிர் சந்தன நிறத்தில் ஒன்று கொண்டுவந்து, கவுன்ட்டரில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸை எடுத்து முந்தானையில் லேசாகத் தேய்த்துக் காட்டியிருக்கிறாள். தெரியவில்லை. அந்த டீச்சர் அதற்கப்புறம் ஒவ்வொரு ஜூனிலும் வந்து மாடிப்படியிலேயே, "ஜீவிதா இருக்கா?" என்று கேட்பார். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வேலையில் ஒரே ஒரு குறைதான். உட்காரக் கூடாது. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். சுவரில் சாயக் கூடாது, மேலே கேமரா இருந்தது. புடவை எடுக்க வருகிறவர்களுக்கு வரிசையாக ஸ்டூல் போட்டிருப்பார்கள். ஆனால் கவுன்ட்டருக்கு உள்பக்கம் ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளரே இல்லாத மத்தியானத்திலும் அந்த ஸ்டூல்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். புடவையில் குத்தும் ஊக்கைக் கீழே போடுவது. அதைத் தேடுகிற சாக்கில் கவுன்ட்டருக்கு அடியில் அரை நிமிடம் குந்திக்கொள்ளலாம். மேனேஜர் அரிகிருஷ்ணனுக்கு இது தெரியாமலில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை ஊக்கும்மா விழும் உங்க கையிலேர்ந்து?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறார்.

"வழவழன்னு கீது சார். நீங்க வேற கம்பெனி ஊக்கு வாங்கினா விழாது" என்று ஜீவிதா சொன்னாளாம். அவரும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்டூல் மட்டும் வரவில்லை.

2016-இல் அவள் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன், இன்ச் டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். ஒருநாள் காலையில் அவள் கணுக்காலை அளந்தேன். எட்டே முக்கால் அங்குலம். வேலை முடிந்து வந்ததும் மறுபடி அளந்தேன். பத்தேகால். அளவு எடுத்தால் நோட்டில் எழுதிவிடுவது என் பழக்கம். தேதி போட்டு, காலை, மாலை, இடது, வலது என்று நான்கு கட்டம் போட்டு எழுதினேன்.

"இன்னாக்கா, என் காலுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றாள்.

"கொக்கி வெச்சுத் தரேன், காட்டு" என்றேன்.

அடுத்த வாரம் அவளோடு அதே கவுன்ட்டரில் நிற்கும் ஜாஸ்மின் வந்தாள். அனகாபுத்தூர்ப் பெண், அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சேர்ந்திருந்தாள். "அக்கா, எனக்கும் அளந்து பாருங்களேன்" என்று காலை நீட்டினாள். அவள் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். கடைசியில் பதினோரு பேருடைய அளவு அந்த நோட்டில் இருந்தது. எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

2018-இல் கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் பல வருடம் போராடி, அங்கே அரசாங்கம் சட்டத்தையே மாற்றியது என்று செய்தி வந்தது. இப்போது மலர் போடும் இதே சங்கத்தைச் சேர்ந்த தமிழினி அந்தச் செய்தியைத் தாம்பரத்துக் கடைகளுக்குக் கொண்டுவந்தாள். கடைக்குள் விட மாட்டார்கள் என்பதால், பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் வந்து நின்று பேசுவாள். ஜீவிதா அவளிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நம்ம ஊரு சட்டத்துல இதப் பத்தி இன்னா எழுதிக் கீது?"

"எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை நாள் லீவுன்னு இருக்கு. உட்காரலாமான்னு ஒரு வார்த்தை இல்ல. அதனாலதான் யார்கிட்ட போய்க் கேட்டாலும், எந்தச் சட்டத்துலம்மா இருக்குன்னு திருப்பிக் கேக்குறாங்க."

"அப்ப எழுத வெக்கணும்" என்றாள் ஜீவிதா, பில்லில் ஒரு பொருள் விட்டுப்போனதைச் சொல்வதுபோல.

அதற்கப்புறம் அவளுடைய வார விடுமுறை எல்லாம் இதற்கே போனது. கையெழுத்து வாங்கப் போவாள். டாக்டர்களிடம் போய் நரம்புக் கோளாறுக்குச் சான்று வாங்குவாள். எல்லாக் கட்சிக்காரர்கள் வீட்டு வாசலிலும் போய் மனு கொடுத்தார்கள். சிலர் வாங்கினார்கள், சிலர் வாசலோடு அனுப்பினார்கள். ஒருமுறை என் நோட்டை எடுத்துக்கொண்டு தமிழினியோடு தொழிலாளர் துறைத் தலைமை அலுவலகத்துக்கே போனாள். ஓர் அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "யாரும்மா இதை அளந்தது, நர்ஸா?" என்று கேட்டாராம். "எங்க அக்கா சார், டெய்லர்" என்றிருக்கிறாள். அவர் பதினோரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த நோட்டால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். மாநிலம் முழுக்க எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவற்றில் எங்கள் காகிதமும் ஒன்று.

2019 மார்ச் 8, மகளிர் தினத்தன்று தாம்பரத்தில் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கிடைத்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூல் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது ஜீவிதாவின் யோசனை. இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் போலீஸ்காரர் ஒருவர் வேகமாக வந்தார்.

"யம்மா, எழுந்திரிங்க. ஆர்ப்பாட்டத்துக்குத்தான் பர்மிஷன். உக்காந்தா அது தர்ணா. அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கணும்."

"சார், நாங்க கேக்கறதே உக்காரத்தான்" என்றாள் ஜீவிதா.

"நின்னுக்கினு கேளுங்க."

"அதத்தான் சார் ஏழு வருஷமா பண்றோம்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "எனக்கு மேல ஆள் இருக்காங்கம்மா. ஸ்டூல வேணா தூக்கிப் புடிச்சிக்கோங்க" என்றார். அப்படியே இருபத்து மூன்று பேரும் ஸ்டூலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. முன்வரிசையில் சிவப்பு ஸ்டூலோடு என் தங்கை.

கடையில் அரிகிருஷ்ணன் மேஜைமேல் அந்தப் பேப்பர் கிடந்தது. "மேலேர்ந்து சொல்லிட்டாங்க. நீ நின்னது போதும்மா, வீட்ல போய் உக்காரு" என்று சொல்லியிருக்கிறார். ஆறு வருடம் ஒன்பது மாத வேலை அதோடு முடிந்தது.

ஜூலையில் ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தது. சக்கரம் வைத்த நாற்காலி, முதுகுக்குச் சாய்மானம். மூன்று மாதத்தில் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அவளுக்கு நல்லதுதான் நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் லீவு நாளில் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போகும்போது அவள் கடைக்கு எதிர்ப் பக்கமாகவே நடப்பாள். கொஞ்ச தூரம் போனதும், "இந்நேரம் ஆடித் தள்ளுபடிக்குக் கட்டு பிரிச்சிக்கினு இருப்பாங்க" என்பாள். புதுப் புடவையின் கஞ்சி வாசனை மூன்று நாள் கையில் நிற்கும் என்பாள். "இங்க இன்னாக்கா, மருந்து வாசன. யாரும் சந்தோஷமா வர்றதில்ல. அங்க கல்யாணம், சீமந்தம்னு வருவாங்க." உட்கார்ந்து கொண்டே இருந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

2021 செப்டம்பரில் சட்டத்திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. டிவியில் கீழே ஓடியதை நான்தான் முதலில் பார்த்தேன். அதற்குள் தமிழினி போன் செய்தாள். ஜீவிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டாங்க. ஒவ்வொரு கடையிலயும் வேலை செய்யறவங்க உட்கார வசதி இருந்தாகணும்."

போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அப்ப நான் திரும்பிப் போலாமில்லக்கா?"

தீபாவளிக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்து, நவம்பர் கடைசியில் அரிகிருஷ்ணனைப் போய்ப் பார்த்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. புடவைப் பிரிவில் நல்ல ஆள் இல்லாமல் அவரும் திண்டாடிக்கொண்டிருந்தார். "டிசம்பர் இருபதாம் தேதியிலேர்ந்து வந்துடு. மேல நான் பேசிக்கிறேன். ஆனா பழசெல்லாம் வேணாம். வந்தமா, வித்தமா, போனமான்னு இரு" என்றார். ஜீவிதா தலையாட்டிவிட்டு வந்தாள். அன்று வீட்டில் அவள் பேசிய பேச்சு ஒரு வருடத்துக்குப் போதும். எந்த ரேக்கில் எந்தப் புடவையை மாற்றி வைக்க வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

சட்டம் வந்த பிறகு கடையில் இருபத்து நான்கு ஸ்டூல் வாங்கியிருந்தார்கள். ஆனால் அவை நான்காம் மாடி ஸ்டோர் ரூமில் கிடந்தன. ஜாஸ்மின்தான் சொன்னாள், "கவர்கூட பிரிக்கலக்கா." அந்தத் தெருக் கடைகள் எல்லாவற்றையும் பற்றித் தமிழினி புகார் கொடுத்தாள். ஜீவிதாவுக்கு அது தெரியும். இந்தமுறை அவள் அதில் கையெழுத்துப் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.

டிசம்பர் 7, செவ்வாய்க்கிழமை, எனக்கு கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுக்கலாம் என்று என்னை அழைத்துக்கொண்டு போனாள். புடவை ஒரு சாக்கு. வேலைக்கு வருவதற்கு முன் அந்த மாடியை ஒருதரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஸ்டூலில் நானும் அவளும் உட்கார்ந்தோம். கவுன்ட்டருக்கு உள்பக்கமும் அன்று ஸ்டூல் இருந்தது. முந்தின நாள் தெருவின் மறுகோடியில் இருந்த கடைகளுக்கு ஆய்வாளர் வந்துபோயிருந்தாராம், அதனால் இறக்கிவிட்டார்கள். பெண்கள் எல்லாம் ஸ்டூலின் விளிம்பில், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையிலேர்ந்து உக்காரு உக்காருன்னு உயிர எடுக்கறாங்கக்கா" என்று ஜாஸ்மின் புடவையை விரித்தபடியே முணுமுணுத்தாள்.

பதினொன்றே முக்காலுக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் படியேறி வந்தார். கையில் ஒரு ஃபைல். பின்னால் அரிகிருஷ்ணன்.

அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதிகாரி வந்தால் எழுந்துதானே நிற்போம், யார் சொல்லித் தரவேண்டும்? அந்த மாடியில் வேலை செய்யும் பதினோரு பெண்களும் எழுந்தார்கள். நான் எழுந்தேன். புடவை எடுக்க வந்த இன்னொரு அம்மாவும் எழுந்தார். என் பக்கத்தில் பார்த்தால் ஜீவிதாவும் நின்றுகொண்டிருந்தாள்.

ஆய்வாளர் கவுன்ட்டரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். ஸ்டூல் எல்லாம் காலி.

"உட்காருங்கம்மா, உட்காருங்க."

யாரும் உட்காரவில்லை. "பரவால்ல சார்" என்று ஒருத்தி மரியாதையாகச் சொன்னாள்.

"பாத்தீங்களா சார்" என்றார் அரிகிருஷ்ணன். "நாங்க வாங்கிப் போட்டாச்சு. இவங்களுக்கு நின்னே பழகிடுச்சு, உக்கார மாட்டேங்கிறாங்க."

அந்த நிமிடத்தில் பார்த்தால் அவர் சொன்னது உண்மை மாதிரிதான் இருந்தது. ஆய்வாளர் ஏதோ எழுதினார். பேனாவை மூடினார். அவர் இறங்கிப் போனால் புகார் முடிந்துவிடும், ஸ்டூல் மறுபடி நான்காம் மாடிக்குப் போய்விடும். இருபதாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள்தான் இருந்தது. நான் ஜீவிதாவின் முழங்கையைப் பிடித்தேன். பேசாதே என்றுதான் பிடித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"சார், ஒரு நிமிஷம். அந்த ஸ்டூலத் திருப்பிப் பாருங்க."

"நீங்க யாரும்மா?"

"பொடவ எடுக்க வந்தேன் சார். கால்ல சுத்தின பிளாஸ்டிக்க இன்னும் பிரிக்கல பாருங்க. மேல மட்டும் கிழிச்சிட்டுப் போட்டுக் கீறாங்க."

"ஜீவிதா" என்றார் அரிகிருஷ்ணன்.

ஆய்வாளர் ஒரு ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்தார். நான்கு காலிலும் பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டி அப்படியே இருந்தது. இன்னொன்றைக் கவிழ்த்தார். பிறகு ஜாஸ்மினிடம், "இது எப்பம்மா போட்டாங்க?" என்று கேட்டார். ஜாஸ்மின் மேனேஜரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"ஜாஸ்மின், நீ உக்காரு மொதல்ல" என்றாள் ஜீவிதா. "சாரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு. அவரு அதப் பாக்கத்தான் வந்துக் கீறாரு. உக்காந்துகினு சொல்லு."

ஜாஸ்மின் உட்கார்ந்தாள். விளிம்பில் இல்லை, நன்றாகவே உட்கார்ந்தாள். "இன்னிக்குக் காலையில ஒன்பதரை மணிக்கு சார். நேத்து வரைக்கும் ஸ்டோர் ரூம்ல இருந்துச்சு" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் பேனாவைத் திறந்து, எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். கடைக்கு நோட்டீஸ் வந்தது. அந்த ஸ்டூல்கள் அதற்கப்புறம் மேலே போகவில்லை. போன மாதம்கூடப் போய்ப் பார்த்தேன், ஆள் இல்லாத நேரத்தில் பெண்கள் உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு நான் கிளம்பலாம் என்றேன். "வந்த வேலைய முடிச்சிட்டுப் போலாம்க்கா" என்று ஜீவிதா உட்கார்ந்தாள். எனக்கு நீலத்தில் மெல்லிய கட்டம் போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஜாஸ்மினிடமிருந்து வாங்கி அதை மடித்ததும் அவள்தான்.

படியிறங்கும்போது அரிகிருஷ்ணன் எதிரே வந்தார். "இருபதாம் தேதி வேணாம்மா" என்றார்.

"தெரியும் சார்."

"உன்ன மாதிரி விக்கிறதுக்கு எனக்கு ஆளே கிடையாது. அதான் வருத்தமா இருக்கு."

தெருவுக்கு வந்ததும் ஜீவிதா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் பீர்க்கன்கரணை வரும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டபடியே வந்தாள்.

அதற்கப்புறம் குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி என்று ஆறு கடைகளில் கேட்டுவிட்டாள். எல்லா இடத்திலும் விற்றுக் காட்டச் சொல்வார்கள், காட்டுவாள், முகம் மலரும். பழைய கடை எது என்று கேட்டு ஒரு போன் போடுவார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். இதற்கெல்லாம் சட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை போலிருக்கிறது. அவளுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. கடை வாசலில் ஒட்டும் "பெண்கள் தேவை" நோட்டீசில் பாதிக்குமேல் முப்பது வயதோடு நின்றுவிடுகிறது.

இந்த வருடம் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில், ஸ்கேன் சென்டருக்கு நேரெதிரே, ஒரு புதுத் துணிக்கடை வருகிறது. விண்ணப்பம் வாங்கிவந்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை நிரப்பச் சொன்னாள். பெயர், தந்தை பெயர் சவுரிமுத்து, அனுபவம் எல்லாம் எழுதினேன். "முந்தைய வேலையை விட்ட காரணம்" என்று ஒரு கோடு. உடல்நலம் என்று எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

"என் ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது. நடந்தத எழுதுக்கா."

"வேலை நேரத்தில் உட்கார ஸ்டூல் கேட்டதற்காக" என்று எழுதினேன். கோடு போதாமல் ஓரத்தில் மடக்கி எழுத வேண்டியிருந்தது.

கொடுத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. கடையில் ரேக் அடித்து முடித்துவிட்டார்கள். கவுன்ட்டரும் ஸ்டூல்களும் வந்திறங்கின. நேற்று லாரியில் சரக்கு வந்ததாம். வீட்டுக்கு வந்ததும் ஜீவிதா சரக்கைப் பற்றித்தான் பேசினாள். கோணியைத் தைத்திருக்கிற விதத்தை வைத்தே எந்த ஊர்க் கட்டு என்று சொல்லிவிடலாமாம். "ரெண்டு கட்டு சின்னாளப்பட்டிக்கா. ஒரு கட்ட மழையில நனைய விட்டுட்டாங்க. யாரும் பாக்கல. எனக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து தெரியுது, போய்ச் சொல்ல முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அடுத்த பேஷண்ட்டு வந்துட்டாங்க."

அந்தக் கடையிலிருந்து இன்னும் போன் வரவில்லை.